ஆற்றில் இறங்கிய பிக்கப்புக்கு வாரண்டி கிடையாதா? டிரான்ஸ்ஃபர் கேஸ் தகராறு

பிறை_பிக்கப் (பிறை, பினாங்கு)

வணக்கம். நேராக விஷயத்துக்கு வருகிறேன். என் பிக்கப் புதுசாக, சொந்தப் பெயரில் வாங்கியது, வாரண்டி பாதிக்கு மேல் பாக்கி இருக்கிறது, சர்வீஸ் எல்லாம் கம்பெனி சர்வீஸ் சென்டரில்தான், ஒன்றுகூடத் தவறவில்லை. நண்பர்களோடு கெடா பக்கம் சுங்கை செடிம் தாண்டி உள்ளே போனோம். திரும்பும்போது ஒரு மேட்டில் ஃபோர்-லோவில் (நாலு சக்கரமும் மெதுவாக, அதிக பலத்தோடு இழுக்கும் கியர்) ஏறுகையில் கீழே 'டங்' என்று ஒரு சத்தம், அதற்குப் பிறகு முன் சக்கரத்துக்கு இழுவையே இல்லை. பின்னால் வந்தவர் வின்ச் போட்டு இழுத்து வெளியே கொண்டுவந்தார்.

சர்வீஸ் சென்டரில் விட்ட அன்றே பதில் வந்துவிட்டது. அடியில் ஒட்டியிருந்த சேற்றைப் படம் எடுத்தார்கள், ஜாப் ஷீட்டில் "ஆஃப்-ரோட் பயன்பாடு, வாரண்டி செல்லாது" என்று ஒரு வரி எழுதினார்கள். முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. மொத்தமாக மாற்ற 11,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் ஆகுமாம், முடிவு சொல்லாமல் காடியை அங்கேயே வைத்திருந்தால் நாள் வாடகை வேறு. இதில் எனக்குக் கோபம் என்னவென்றால், விற்கும்போது கையில் கொடுத்த பிரசுரத்தின் அட்டையிலேயே இதே மாடல் ஆற்றுக்குள் நிற்கிறது.

எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், விவகாரம் முடியட்டும். கேள்வி ஒன்றுதான்: இப்படி மறுக்க முடியுமா?

கிள்ளான்_டீசல்

தம்பி, முதலில் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதே. வாரண்டி புத்தகத்தை எடுத்து எதற்கெல்லாம் கிடையாது என்ற பக்கத்தை நீயே படி, கவுண்டரில் இருப்பவர் படித்துச் சொல்வதை நம்பாதே. நான் பார்த்தவரை பந்தயம், ரேலி, அளவுக்கு மீறிய சுமை, தண்ணீரில் மூழ்கியது, கம்பெனி ஒத்துக்கொள்ளாத மாற்றம், இப்படித்தான் பட்டியல் போகும். தார் ரோட்டை விட்டு இறங்கவே கூடாது என்று எழுதினால் ஃபோர்-லோ எதற்கு? காய்ந்த தார் ரோட்டில் ஃபோர்-வீல் போடாதே என்று அதே கம்பெனியின் ஓட்டுநர் கையேடு சொல்லும். வளைவில் முன் அச்சும் பின் அச்சும் வேறு வேறு தூரம் ஓடும், நடுவில் அந்த வித்தியாசத்தைச் சமாளிக்கும் டிஃபரென்ஷியல் இல்லாத பார்ட்-டைம் வகையில் அந்த முறுக்கு போக வழியில்லாமல் கியரையும் ஷாஃப்ட்டையும் பிடித்துத் திருகும். மண்ணில் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அதை விட்டுவிடும். அதாவது அந்தக் கியர் மண்ணுக்கென்றே செய்தது. தார் ரோட்டிலும் போடக் கூடாது, மண்ணிலும் போடக் கூடாது என்றால் வீட்டு வாசலில் நிறுத்திப் பார்த்துக்கொண்டிருக்கவா?

முன்னாள்_அட்வைசர் (சுபாங்)

நான் பல வருடம் சர்வீஸ் அட்வைசராக அந்தக் கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவன், அடிக்க வராதீர்கள்.

வாரண்டி வேலைக்குக் காசு கொடுப்பது சர்வீஸ் சென்டர் இல்லை, மேலே இருக்கும் கம்பெனி. அட்வைசர் படம், கோளாறுக் குறியீடு, கழற்றிய பாகம் எல்லாவற்றையும் வைத்து அனுப்ப வேண்டும். மேலே நிராகரித்தால் கழற்றிய கூலி சென்டர் தலையில் விழும். அதனால் சேற்றைக் கண்டதும் முதல் வார்த்தையே 'இல்லை' என்று வரும். அது கம்பெனியின் முடிவு என்று நினைத்து நிறையப் பேர் காசைக் கட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். உங்கள் விஷயம் இன்னும் மேலேயே போகவில்லை என்று நினைக்கிறேன்.

ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. ஏர் ஃபில்டரில் மணல், டிஃபரென்ஷியல் எண்ணெய் தே தாரிக் (பால் தேநீர்) நிறம், காடியின் சொந்தக்காரர் மட்டும் "பாசார் மாலாமுக்கு (இரவுச் சந்தை) போனேன், வேறெங்கும் போகவில்லை" என்பார். அவர் ஃபேஸ்புக்கைத் திறந்தால் பானட் மேல் தண்ணீர் அடிக்க நிற்கும் படம். ஹைலக்ஸுக்கு 700 மில்லிமீட்டர், ரேஞ்சருக்கும் புது டி-மேக்ஸுக்கும் 800 என்று தண்ணீர் ஆழக் கணக்கு போட்டிருக்கிறார்களே என்பார்கள். அந்தக் கணக்கு மெதுவாக இறங்கி மெதுவாக ஏறுபவருக்கு. வேகமாக இறக்கி அலை எழுப்பி, அது ஏர் இன்டேக்குக்குள் போய், சிலிண்டரில் தண்ணீர் நின்று கனெக்டிங் ராட் வளைந்தால் அது தயாரிப்புக் குறை ஆகாது. அப்படி வந்த கேஸ்களை நானும் மறுத்திருக்கிறேன், இன்று கேட்டாலும் மறுப்பேன்.

பிறைக்காரரே, ஆழம் எவ்வளவு? காடியில் என்ன மாற்றியிருக்கிறீர்கள்? உண்மையைச் சொல்லுங்கள், இங்கே யாரும் கம்பெனி ஆள் இல்லை.

பிறை_பிக்கப்

தண்ணீர் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே. வீடியோ இருக்கிறது, சக்கரத்தின் நடு மூடிக்கு மேல் ஏறவில்லை. வண்டியை உயர்த்தும் இரண்டு அங்குல லிஃப்ட் கிட் உண்டு. டயர் 285/70, ரிம் 17. ஸ்நோர்க்கல் (எஞ்சினுக்கு உயரத்திலிருந்து காற்று இழுக்கும் குழாய்) இல்லை, எஞ்சின் டியூனிங் எதுவும் இல்லை. ஃபோர்-வீல் மாற்றுவது குமிழ் வகை, கைப்பிடி லீவர் இல்லை.

முன்னாள்_அட்வைசர்

லிஃப்ட், டயர். இதுதான் அவர்கள் அடுத்துப் பிடிக்கப்போகும் கொம்பு, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மட்_மச்சான்

லிஃப்ட் போட்டால் என்ன? மாற்றிய சாமான்தான் அந்தக் கோளாறுக்குக் காரணம் என்று கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும். மேக்னசன்-மாஸ் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, யூடியூபில் எல்லாரும் சொல்கிறார்கள். பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய் கவுண்டரில் போடு பாஸ், அடங்கிவிடுவார்கள்.

செந்தூல்_ஃபைல்

மச்சான், அது அமெரிக்காவில் 1975-இல் வந்த சட்டம். பிறையில் அதை நீட்டினால் அட்வைசருக்குச் சிரிப்புதான் வரும். வழக்கறிஞர் அலுவலகத்தில் ஃபைல் தூக்கும் வேலை எனக்கு, அதனால் நம் நாட்டுக் கணக்கைச் சொல்கிறேன்.

நம்மிடம் இருப்பது 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம். வாரண்டி புத்தகம் என்பது கம்பெனி தானாகக் கொடுக்கும் வாக்கு. அதற்கு வெளியே, பொருள் ஏற்றுக்கொள்ளத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்று 32-ஆம் பிரிவு தனியாக ஓர் உத்தரவாதம் வைக்கிறது. புத்தகத்தில் என்ன எழுதினாலும் அதை ஒப்பந்தம் போட்டுத் தள்ளிவிட முடியாது, 6-ஆம் பிரிவு அதற்குத்தான் இருக்கிறது. தரம் போதுமா என்று பார்க்கும்போது பொருளின் விலை, தன்மை, விற்றவரும் தயாரித்தவரும் அதைப் பற்றிச் சொன்னது எல்லாம் கணக்கில் வரும். அதனால் ஆற்றுப் படம் போட்ட அந்தப் பிரசுரத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் தம்பி, அது உங்கள் சாட்சி.

தவறான பயன்பாடு என்ற தற்காப்பு சட்டத்திலும் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு இரண்டு விஷயம் சேர்ந்து நிற்க வேண்டும். நியாயமான பயனீட்டாளர் எதிர்பார்க்கும் பயன்பாட்டுக்கு மாறாக நீங்கள் ஓட்டியிருக்க வேண்டும், அப்படி ஓட்டாமல் இருந்திருந்தால் பொருள் ஒழுங்காகவே இருந்திருக்கும் என்றும் ஆக வேண்டும். சேற்றைப் படம் எடுத்தால் முதல் பாதியைப் பற்றி ஏதோ பேசலாம். இரண்டாம் பாதிக்கு டிரான்ஸ்ஃபர் கேஸைத் திறந்துதான் ஆக வேண்டும். அதைத் திறக்காமல் எழுதிய அந்த ஒரு வரிதான் அவர்களுடைய பலவீனம். நீங்கள் காட்டுக்குப் போனீர்களா இல்லையா என்று சண்டை போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம், "போனேன், ஆமாம், எது எதனால் உடைந்தது என்று எழுத்தில் கொடுங்கள்" என்று கேளுங்கள்.

காடி சொந்தப் பெயரில் என்றீர்களே, நல்லது. கம்பெனி பெயரில் வாங்கி வியாபாரத்துக்கு ஓட்டுபவர்கள் இந்தச் சட்டத்தில் பயனீட்டாளர்தானா என்பதிலேயே சிக்கிக்கொள்வார்கள்.

ரவாங்_ரோந்து

இடையில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். இன்சூரன்ஸில் கேட்க முடியாதா? முழுக் காப்புறுதிதானே எல்லாரும் எடுக்கிறோம்.

கிள்ளான்_டீசல்

முடியாது. யந்திரக் கோளாறு, தேய்மானம் எல்லாம் பாலிசியிலேயே கழித்துவிட்டதுதான். வெள்ளத்துக்குக் கூடுதல் காசு கட்டிச் சேர்த்திருந்தாலும், நாமாக ஆற்றில் இறக்கியதை வெள்ளம் என்று சொல்லிப் பார், அதிகாரி உன்னை மேலும் கீழும் பார்ப்பார்.

பத்துமலை_நல்லவன்

எனக்கு ஒன்று புரியவில்லை. காட்டைக் கெடுக்கப் போகிறீர்கள், உடைந்ததும் அடுத்தவன் காசில் சரிசெய்யப் பார்க்கிறீர்கள். பெர்மிட் எடுத்தீர்களா முதலில்?

பிறை_பிக்கப்

எடுத்தோம் ஐயா. குழுத் தலைவர் வன இலாகாவில் பெயர்ப் பட்டியல் கொடுத்து வாங்கியது, நகல் என்னிடமே இருக்கிறது.

செந்தூல்_ஃபைல்

அந்த நகலையும் கோப்பில் வையுங்கள். பெர்மிட் இல்லாமல் நிரந்தர வனக் காப்பகத்துக்குள் போவது 1984-ஆம் ஆண்டு வனச் சட்டப்படி தனிக் குற்றம், அதற்கும் வாரண்டிக்கும் நேர்த் தொடர்பு இல்லை. ஆனால் எதிர்த்தரப்பு கேட்கும்போது பதில் இல்லாமல் முழிக்கக் கூடாது பாருங்கள். நல்லவர் ஐயா, காடு கெடுவது பற்றிய உங்கள் கவலைக்குத் தனி இழை திறக்கலாம், நானும் வருகிறேன், எனக்கும் சொல்ல இருக்கிறது.

கெப்போங்_கியர்

முப்பது வருஷத்துக்கு மேல் கியர்பாக்ஸ் பட்டறை. செந்தூல் அக்கா சொன்ன சட்டம் எனக்குத் தெரியாது, இரும்பு தெரியும். கேஸைத் திறக்கும்போது தம்பி பக்கத்தில் இருக்க வேண்டும், முடிந்தால் வெளி மெக்கானிக் ஒருவரையும் கூட்டிப் போ. எண்ணெய் இறக்கும்போதே ஒரு சுத்தமான போத்தலில் கொஞ்சம் பிடித்து, தேதி எழுதி ஒட்டிவிடு.

எண்ணெய் பால் கலந்த மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. தண்ணீர் எப்படிப் புகும் தெரியுமா, ஓடிச் சூடான கேஸ் குளிர்ந்த ஆற்றில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கும், காற்று போய்வரும் பிரீதர் குழாய் அடைத்திருந்தாலோ தாழ்வாக இருந்தாலோ அந்த இழுப்புக்குத் தண்ணீர் உள்ளே வரும். பேரிங் நீலம் பூத்திருந்தால் எண்ணெய் இல்லாமல் சூடேறியது. இது இரண்டும் இல்லாமல் ஒரு பாகம் மட்டும் உடைந்திருந்தால் உடைந்த முகத்தை உற்றுப் பார். ஒரே அடியில் போனது முழுக்கச் சொரசொரப்பாக, ஒரே நிறத்தில் மின்னும். கொஞ்சம் கொஞ்சமாக விரிசல் ஓடி உடைந்ததில் ஒரு பக்கம் பழைய கறுப்பு, வரி வரியாக வளையம், கடைசியாக உடைந்த இடம் மட்டும் புதுசாக இருக்கும். பழைய விரிசலை நீ அந்த மேட்டில் உண்டாக்க முடியாது.

டயர் விஷயத்தில் அட்வைசர் தம்பி சொன்னது சும்மா இல்லை. வழக்கமாக வரும் 265/65-இலிருந்து 285/70 போனால் விட்டம் ஏழு சதவீதம் கூடுகிறது, அதே ஏற்றத்துக்கு ஷாஃப்ட் அவ்வளவு அதிகமாகத் திருக வேண்டும். ஆனால் ஏழு சதவீதத்துக்கு உடைகிற கேஸ் என்றால் ஒரு டன் சாமான் ஏற்றி மேடு ஏறும்போதே உடைந்திருக்கும். நாலு டயரும் ஒரே சைஸ், ஒரே தேய்மானமா? முன்னே புதுசு பின்னே மொட்டை என்றால் கதை வேறு.

பிறை_பிக்கப்

நாலும் ஒரே நாளில் போட்டது அண்ணே. நன்றி, போத்தல் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை.

மட்_மச்சான்

சரி, அமெரிக்கா வேண்டாம். சிங்கப்பூரில் லெமன் சட்டம் (குறையோடு விற்ற பொருளுக்கானது) இருக்கிறதே, நமக்கு ஏன் இல்லை?

செந்தூல்_ஃபைல்

அங்கே 2012 செப்டம்பரில் வந்தது. வாங்கி ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் குறை, கொடுக்கும்போதே இருந்த குறை என்று எடுத்துக்கொள்வார்கள், இல்லை என்று காட்டுவது விற்றவர் பாடு. இங்கேயும் வேண்டும் என்ற பேச்சு நீண்ட நாளாக ஓடுகிறது. தம்பி விஷயத்தில் ஆறு மாதம் எப்போதோ தாண்டிவிட்டது, அது இருந்தாலும் இவருக்கு உதவாது.

பிறை_பிக்கப்

புதுச் செய்தி. கம்பெனி தலைமையகத்துக்கும் விற்ற கடைக்கும் ஒரே மின்னஞ்சல் அனுப்பினேன், அக்கா சொன்ன அதே கேள்வி, எது எதனால் உடைந்தது என்று. கொஞ்ச நாள் அமைதி. அப்புறம் மேனேஜரே கூப்பிட்டு, திறக்கிறோம் வாருங்கள் என்றார். பட்டர்வொர்த்தில் எனக்குத் தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப் போனேன்.

எண்ணெய் தெளிவு. தண்ணீர் இல்லை, சங்கிலி முழுசாக இருக்கிறது, பேரிங்கில் நீலம் இல்லை. ஷிஃப்ட் ஃபோர்க் (கியரைத் தள்ளி மாற்றும் கவை) உடைந்திருக்கிறது. உடைந்த முகத்தில் பாதிக்கு மேல் கறுத்துப்போய் இருக்கிறது. கிட்டத்தில் படம் எடுத்தேன், நாணயம் ஒன்றைப் பக்கத்தில் வைத்து. இப்போது அவர்கள் பேச்சு மாறிவிட்டது. ஆஃப்-ரோட் என்பதை விட்டுவிட்டார்கள், நான் காடி ஓடும்போதே ஃபோர்-லோ போட்டதால் ஃபோர்க் உடைந்தது என்கிறார்கள்.

கெப்போங்_கியர்

கறுப்பு பாதிக்கு மேல் என்றால் அது பழைய விரிசல். வார்ப்பிலேயே குறை இருந்ததா என்று படத்தை வைத்துச் சொல்ல மாட்டேன், ஆனால் ஒரு நாளில் நடந்தது இல்லை. அந்தத் துண்டை அவர்கள் ஸ்கிராப்பில் போட விடாதே!

முன்னாள்_அட்வைசர்

ஓடும்போது லோ போட்டார் என்பது லீவர் வகைக்குச் சரியான வாதம், நானே எழுதியிருப்பேன். உங்களுடையது குமிழ். காடி நின்று, கியர் நியூட்ரலில் இருந்தால்தான் அந்தக் கணினி லோவுக்கு விடும், இல்லையென்றால் விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். அதற்கான நிபந்தனை உங்கள் ஓட்டுநர் கையேட்டிலேயே அச்சில் இருக்கும், அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள். மீறிப் போயிருந்தால் கட்டுப்பாட்டுப் பெட்டியில் குறியீடு பதிந்திருக்க வாய்ப்பு அதிகம். ஸ்கேன் அறிக்கையின் அச்சுப் பிரதி கேளுங்கள். பதிவு எதுவும் இல்லை என்றால் அவர்கள் கதை அங்கேயே நின்றுவிடும்.

கிள்ளான், இப்போது நான் யார் பக்கம்?

கிள்ளான்_டீசல்

சரி சரி, இன்றைக்கு உனக்கு டீ நான் வாங்கித் தருகிறேன்.

புக்கிட்_தெங்கா

எல்லாருமே போட்டிக்கும் உலாவுக்கும் வித்தியாசம் தெரியாமல் பேசுகிறீர்கள் என்று நினைக்கிறேன். ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் என்ற காட்டுப் பந்தயம் 1997-இலிருந்து நடக்கிறது, மழைக்காலத்தைத் தேடிப்பிடித்து நடத்துவார்கள், அதற்குக் காடியைக் கொண்டுபோகிறவன் வாரண்டி புத்தகத்தை வீட்டில் வைத்துவிட்டுத்தான் போவான். பந்தயத்துக்குக் கிடையாது என்று அச்சில் இருக்கிறது, அது நியாயம். சனிக்கிழமை குடும்பத்தோடு ஆற்றங்கரைக்குப் போனவனையும் அதே கணக்கில் சேர்ப்பதுதான் கடுப்பு. ஒரு யோசனை: குழுவின் வாட்ஸ்அப்பில் 'சேலஞ்ச்', 'டூர்னமெண்ட்' என்று போஸ்டர் போட்டுத் தொலைக்காதீர்கள். எங்கள் குழுவில் ஒருவர் வெறும் பிக்னிக்குக்கு அப்படிப் போஸ்டர் அடித்து, அந்தப் போஸ்டரை அட்வைசர் எடுத்து நீட்டி, அதை விளக்கி முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

பிறை_பிக்கப்

ஸ்கேன் எடுத்தார்கள். டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம் பழைய குறியீடு எதுவும் இல்லை. அச்சுப் பிரதி தர முதலில் தயங்கினார்கள், மின்னஞ்சலில் கேட்டதும் தந்துவிட்டார்கள்.

இன்னும் சம்மதிக்கவில்லை. பயனீட்டாளர் தீர்ப்பாயம் போவது என்றால் எப்படி அக்கா? வக்கீலுக்கு எவ்வளவு ஆகும்?

செந்தூல்_ஃபைல்

வக்கீலே கிடையாது. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் பொதுவாக இரு தரப்புமே வக்கீல் வைக்க முடியாது, கம்பெனி தன் ஊழியரைத்தான் அனுப்ப வேண்டும். பதிவுக் கட்டணம் 5 வெள்ளி. கோரிக்கை 50,000 வெள்ளி வரை போகலாம், முன்பு 25,000 ஆக இருந்ததை 2019 திருத்தத்தில் ஏற்றினார்கள். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் பதிய வேண்டும், இணையத்திலும் பதியலாம். தீர்ப்பு வந்து 14 நாளுக்குள் நிறைவேற்றாவிட்டால் அது குற்றம், அதனால் கம்பெனிகள் அதை அலட்சியம் செய்வதில்லை.

விற்ற கடையை மட்டும் எழுதாதீர்கள், இறக்குமதி செய்து விநியோகிக்கும் நிறுவனத்தையும் சேருங்கள். தயாரித்தவருக்கு இங்கே அலுவலகம் இல்லையென்றால் சட்டம் இறக்குமதியாளரைத்தான் தயாரிப்பாளர் இடத்தில் வைக்கிறது. தனியாக எழுதத் தயக்கமாக இருந்தால் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் உங்கள் மாநிலத்திலேயே இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

கோப்பில் வைக்க வேண்டியது: ஜாப் ஷீட் (அந்த ஒரு வரியோடு), பிரசுரம், கையேட்டுப் பக்கம், ஸ்கேன், ஃபோர்க் படம், பட்டர்வொர்த் மெக்கானிக்கின் கையெழுத்திட்ட குறிப்பு. அந்த மெக்கானிக் "கம்பெனி ஏமாற்றுகிறது" என்றெல்லாம் எழுத வேண்டாம், பார்த்ததை மட்டும் எழுதட்டும்.

பத்துமலை_நல்லவன்

நான் முதலில் காரமாகப் பேசினேன். பெர்மிட் எடுத்துப் போகிறவரிடம் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் லிஃப்ட் கிட்டுக்கு ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) அனுமதி இருக்கிறதா என்று தீர்ப்பாயத்தில் கேட்டால் என்ன சொல்வார்?

கிள்ளான்_டீசல்

கேட்டால் உள்ளதைச் சொல்லட்டும். லிஃப்ட் கிட் ஷிஃப்ட் ஃபோர்க்கைத் தொடவே தொடாது. முன் ஆக்சில் ஜாயின்ட் கிழிந்திருந்தால் நீ சொல்வதில் விஷயம் இருக்கும், அந்தக் கோணம் கூடுவது லிஃப்டால்தான்.

பிறை_பிக்கப்

தீர்ப்பாயப் படிவத்தின் நகலை மின்னஞ்சலில் இணைத்து, இந்தத் தேதிக்குள் பதில் இல்லையென்றால் பதிகிறேன் என்று எழுதினேன். இன்று பதில் வந்தது. 'நல்லெண்ண அடிப்படையில்' பாகங்கள் முழுவதும் இலவசம், கூலியில் பாதி நான் கட்ட வேண்டும், வாடகை தள்ளுபடி. கணக்குப் போட்டால் எனக்கு 600 வெள்ளிக்குள் முடியும். ஆனால் கையெழுத்துக் கேட்கும் கடிதத்தில் இரண்டாவது பத்தி இப்படி: இத்துடன் எல்லாக் கோரிக்கையும் முடிந்தது, டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு இனி வாரண்டி கிடையாது. மனைவி போடுங்கள் என்கிறார், காடி இல்லாமல் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது பெரிய பாடாகிவிட்டது.

முன்னாள்_அட்வைசர்

600 என்பது நல்ல முடிவு, பிடிவாதம் பிடிக்காதீர்கள். பத்தியைத்தான் பிடிக்க வேண்டும். புதுப் பாகத்துக்கு, மிச்சமிருக்கும் வாரண்டி காலம் வரையாவது பொறுப்பு இருக்க வேண்டும், அதைக் கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள், அந்தப் பத்தி வழக்கமான அச்சு, யாரும் உங்களுக்கென்று யோசித்து எழுதியது இல்லை.

செந்தூல்_ஃபைல்

ஆமாம். "இந்தக் கோளாறு தொடர்பான கோரிக்கை முடிந்தது" வரை விட்டுவிட்டு, டிரான்ஸ்ஃபர் கேஸ் பற்றிய வாக்கியத்தை அடித்து, பக்கத்தில் இரு தரப்பும் சுருக்கொப்பம் போடுங்கள். கவுண்டரில் மாட்டேன் என்றால் கையெழுத்துப் போடாமல் தலைமையகத்துக்கு அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நீக்கச் சொல்லி எழுதுங்கள். பழைய ஃபோர்க்கை மட்டும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள், கூலி நீங்களும் கட்டுகிறீர்கள் அல்லவா.

மட்_மச்சான்

பாஸ், முடிந்ததும் அந்த 285 டயரைக் கொடுப்பதாக இருந்தால் முதலில் எனக்குச் சொல். பினாங்குக்கு நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.